‘பயோ-மேத்ஸ்’ ஏன் பிளஸ் டூவோடு முடிந்துவிடுகிறது?

பத்தாவது ரிசல்ட் வந்த வாரம் தமிழ்நாட்டில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு கேள்வி காதில் விழும்: "என்ன குரூப் எடுக்கப் போற?" நல்ல மார்க் வாங்கிய பிள்ளை என்றால் பதில் பெரும்பாலும் "பயோ-மேத்ஸ்". இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கும் சேர்ந்த பிரிவு. கணிதத்தையும் உயிரியலையும் ஒன்றாகச் சொல்லித்தரப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் தனியாகத் திட்டம் போட்டு, நிதி ஒதுக்கி, ஆள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. நம்ம ஊரில் அந்தச் சேர்க்கையின் பெயர் பதினைந்து வயசுப் பிள்ளை வாயில் சாதாரணமாக வருகிறது.

ஆனால் நம்மிடம் அந்தப் பெயருக்கு அர்த்தம் வேறு. "டாக்டர் சீட் கிடைக்கலைன்னா இன்ஜினீயரிங்." இரண்டு கதவையும் திறந்து வைத்துக்கொள்வதற்கான ஏற்பாடு. அதற்கு மேல் அந்த இணைப்புக்கு யாரும் பொருள் தேடுவதில்லை.

இளநிலை மாணவர்களை ஆராய்ச்சிக்குள் இழுக்கும் திட்டங்களைப் பற்றி, குறிப்பாகக் கணிதமும் உயிரியலும் சந்திக்கும் இடத்தைப் பற்றி, சில மாதங்களாகப் படித்துக் குறிப்பு எடுத்து வந்தேன். நான் மென்பொருள் ஆள், பி.இ. படித்தவன். கல்வித்துறைக்காரன் இல்லை. அதனால் டெல்லியிலிருந்து பார்க்காமல், எனக்குத் தெரிந்த விழுப்புரம், திண்டிவனம் பக்கத்திலிருந்து இந்தத் திட்டங்களைப் பார்க்கிறேன். அங்கிருந்து பார்த்தால் சில ஓட்டைகள் நன்றாகவே தெரிகின்றன.

இரண்டு கவுன்சிலிங், இரண்டு பாதி

முதலில் எண்களைப் பார்ப்போம். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையின் கட்-ஆஃப் 200. அதில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. உயிரியலுக்குப் பூஜ்யம். நீட் தேர்வில் மொத்தம் 720. உயிரியல் 360, இயற்பியல் 180, வேதியியல் 180. கணிதத்துக்குப் பூஜ்யம்.

அதாவது பயோ-மேத்ஸ் படித்த மாணவர் எந்தக் கதவு வழியாகப் போனாலும், இரண்டு வருஷம் படித்ததில் ஒரு பாடத்தை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகவேண்டும். மாணவருக்கு இது பன்னிரண்டாவது வகுப்பின் நடுவிலேயே தெரிந்துவிடும். நீட் எழுதப் போகிறவர் கணிதத்துக்கு 'பாஸானால் போதும்' என்பார். இன்ஜினீயரிங் போகிறவர் உயிரியலுக்கு அதையே சொல்வார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. விளையாட்டின் விதி அப்படி.

இரண்டு கதவுக்கும் போகாமல், அல்லது போக முடியாமல், கலை அறிவியல் கல்லூரிக்கு வருபவர் கதி என்ன? அங்கே பிரிவினை இன்னும் கறாரானது. பி.எஸ்சி. கணிதம் என்றால் துணைப்பாடம் பெரும்பாலும் இயற்பியலோ புள்ளியியலோ. பி.எஸ்சி. விலங்கியல் என்றால் வேதியியல், தாவரவியல். கணித மாணவர் வகைக்கெழுச் சமன்பாடு படிப்பார். உதாரணம் சுருள்வில்லும் மின்சுற்றும். விலங்கியல் மாணவருக்கு உயிர்ப்புள்ளியியல் என்று ஒரு பாடம் வரும். சராசரி, இடைநிலை, முகடு, கை-வர்க்கச் சோதனை. கால்குலேட்டரைத் தட்டி விடை எழுதிவிட்டு வரலாம்.

என் அக்கா மகள் விலங்கியல் படித்தபோது ஒரு கணக்கைக் காட்டிக் கேட்டாள்: "மாமா, இந்த நம்பரெல்லாம் எங்கேர்ந்து வருது? யாராவது நெஜமாவே எண்ணினாங்களா?" புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. வகுப்பில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதும் இல்லையாம். என்னைப் பொறுத்தவரை ஆராய்ச்சி தொடங்கும் இடமே அந்தக் கேள்விதான். மூன்று வருஷப் படிப்பில் அது நுழைய ஒரு பொந்துகூட வைக்கவில்லை என்பதுதான் என் முதல் குறை.

ஹார்டியை நமக்குத் தெரியும், பாதி மட்டும்

ஹார்டி என்றால் தமிழர்களுக்கு ராமானுஜன் நினைவு வரும். 1913-ல் சென்னையிலிருந்து போன கடிதத்தைப் படித்து அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்தவர். அதே ஹார்டி நம்ம பிளஸ் டூ உயிரியல் புத்தகத்திலும் இருக்கிறார், 'ஹார்டி-வீன்பெர்க் கோட்பாடு' என்று. இரண்டு ஹார்டியும் ஒரே ஆள் என்பது பல மாணவர்களுக்குத் தெரியாது.

கதை சுருக்கமாக இது. பன்னெட் என்ற மரபியலாளருக்கு ஒரு சிக்கல். ஓங்கு பண்பு என்று ஒன்று இருந்தால், அது தலைமுறைக்குத் தலைமுறை பெருகிக் கடைசியில் எல்லோரையும் பிடித்துக்கொள்ள வேண்டாமா? அவர் கூடக் கிரிக்கெட் ஆடும் நண்பரான ஹார்டியிடம் கேட்டார். ஹார்டிக்கு இது மிகச் சின்னக் கணக்கு. 1908-ல் ஒரு குறுங்கடிதமாக எழுதி அனுப்பினார். ஜெர்மனியில் வீன்பெர்க் என்ற மருத்துவரும் அதே ஆண்டு அதே முடிவுக்குத் தனியாக வந்திருந்தார்.

அந்தக் கணக்கில் இருப்பது, இரண்டு உறுப்புகளைக் கூட்டி வர்க்கப்படுத்தினால் வரும் மூன்று உறுப்புகள். உயர்நிலைப் பள்ளி இயற்கணிதம்தான். ஒடுங்கு பண்பு நோய் ஒன்று 100 பேரில் 1 ஆளுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வர்க்கமூலம் எடுத்தால் அந்த மரபணுவின் பங்கு 10-ல் 1. அப்படியானால் நோய் வெளியே தெரியாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர்கள் 2 × 0.9 × 0.1, அதாவது 100 பேரில் 18 பேர். வெளியே தெரிவது 1, உள்ளே இருப்பது 18. சொந்தத்தில் கல்யாணம் பண்ணும் வழக்கம் உள்ள நம்ம ஊரில் இந்த ஒரு வரிக் கணக்கு எவ்வளவு பேச்சைத் தொடங்கி வைக்கும்!

ஆனால் உயிரியல் வகுப்பில் இது மனப்பாடச் சூத்திரம். கணித வகுப்பில் இது வருவதே இல்லை. ஒரே மாணவர், ஒரே பெஞ்ச், ஒரே நாள். நான்காவது பீரியடுக்கும் ஐந்தாவது பீரியடுக்கும் நடுவில் அறுந்து போகிறது.

ஜோடி என்ற யோசனை

அமெரிக்காவில் இந்தப் பிரச்னையை வேறு விதமாகப் பிடித்தார்கள். 2003-ல் அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சிக் குழு 'பயோ 2010' என்ற அறிக்கையை வெளியிட்டது. உயிரியல் படிக்கும் இளநிலை மாணவருக்குக் கணிதமும் கணினியும் முறையாகச் சொல்லித்தர வேண்டும் என்பது சாரம். அதே காலகட்டத்தில் தேசிய அறிவியல் அறக்கட்டளை, கணிதம்-உயிரியல் இரண்டுக்கும் பொதுவான இளநிலை ஆராய்ச்சித் திட்டம் ஒன்றுக்கு நிதி கொடுக்கத் தொடங்கியது. யு.பி.எம். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பல கல்லூரிகளில் மாணவர்கள் 'ஸ்காலர்' என்ற பெயரில் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

அதில் எனக்குப் பிடித்தது பணம் இல்லை, அமைப்பு. கணிதத் துறை மாணவரும் உயிரியல் துறை மாணவரும் சேர்ந்து வேலை செய்யவேண்டும். வழிகாட்டிகளும் இரண்டு துறையிலிருந்தும் வரவேண்டும். கோடை விடுமுறையோடு முடியாமல் நீண்ட காலம் ஓடவேண்டும். 'ஒரே ஆள் இரண்டையும் கரைத்துக் குடித்திருக்க வேண்டும்' என்று அங்கே எதிர்பார்க்கவில்லை. 'இரண்டு பேர் ஒருவர் மொழியை இன்னொருவர் கற்றுக்கொள்ளட்டும்' என்பதுதான் யோசனை.

வரலாற்றைப் பார்த்தாலும் இதுதான் நடந்திருக்கிறது. ஹார்டியும் பன்னெட்டும் ஒரு ஜோடி. தொற்றுநோய்க் கணக்கியலின் அடிப்படைக் கட்டுரை 1927-ல் வந்தது. எழுதியவர்கள் கெர்மாக், மெக்கெண்ட்ரிக். மெக்கெண்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்த டாக்டர், கசௌலி பாஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கெர்மாக் ஆய்வக விபத்தில் பார்வை இழந்த வேதியியலாளர். தங்கள் சமன்பாட்டைச் சரிபார்க்க அவர்கள் எடுத்துக்கொண்ட எண்கள் 1905-06-ல் பம்பாயில் பிளேக் நோயில் செத்தவர்களின் வாராந்தரக் கணக்கு. அதற்கும் முன்னால் ரொனால்ட் ராஸ், 1897-ல் செகந்திராபாத்தில் மலேரியா கிருமியைக் கொசுவுக்குள் கண்டுபிடித்தவர், கொசுவையெல்லாம் ஒழிக்க வேண்டியதில்லை, ஒரு அளவுக்குக் கீழே குறைத்தாலே நோய் தானாக அடங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

ஆக, இது ஏதோ அமெரிக்காவிலிருந்து இறக்குமதி ஆன புதுத் துறை இல்லை. நம்ம ஊர்க் கொசுவிலும் நம்ம ஊர்ச் சாவிலும் பிறந்த துறை. நாம்தான் அதைப் பாடத்திட்டத்தில் இரண்டாகக் கிழித்து வைத்திருக்கிறோம்.

நம்ம திட்டங்கள் தனி ஆளுக்கானவை

இந்தியாவில் திட்டங்களே இல்லை என்று சொன்னால் அது பொய். கே.வி.பி.ஒய். 1999-ல் தொடங்கி 2022-ல் இன்ஸ்பையர் திட்டத்தோடு சேர்க்கப்படும்வரை நடந்தது. இன்ஸ்பையர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 60,000 மாணவர் கைக்கு, 20,000 கோடைக்கால ஆய்வுக்கு. மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடை ஆய்வு நல்கையும் உண்டு. பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி. 2011-ல் தொடங்கிய நான்காண்டு இளநிலைப் படிப்பில், எந்தத் துறை எடுத்தாலும் முதல் மூன்று செமஸ்டர் கணிதமும் உயிரியலும் எல்லோருக்கும் கட்டாயம் என்று வைத்தார்கள். ஐசர்களிலும் ஏறக்குறைய இதே வழி. சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தில் கணிப்பீட்டு உயிரியல் குழு ஒன்று நன்றாக இயங்குகிறது. இதெல்லாம் நல்ல விஷயம்.

குறை எங்கே? மூன்று இடத்தில்.

ஒன்று, எல்லாமே தனி ஆளைத் தேடுகின்றன. இன்ஸ்பையர் பிளஸ் டூவில் மேல் 1 சதவீதம் வாங்கியவரைப் பார்க்கிறது. கே.வி.பி.ஒய். தேர்வு கடைசிவரை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் நடந்தது. தமிழ் வழியில் படித்த செஞ்சிப் பக்கத்துப் பிள்ளைக்கு அந்தத் தேர்வு அறிவியலைச் சோதிப்பதற்கு முன்னால் ஆங்கிலத்தைச் சோதித்தது. இப்படி வடிகட்டி எடுத்த தனி ஆளிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, 'போய் வழிகாட்டியைக் கண்டுபிடி' என்கிறோம். பெங்களூரில் இருப்பவருக்கு அது ஒரு மாடிப்படி ஏறுவது. விழுப்புரத்தில் இருப்பவருக்கு, பதில் வராத முப்பது மின்னஞ்சல்.

இரண்டு, காலம் போதாது. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஒரு உயிரியல் மாணவர் பைத்தான் எழுதக் கற்றுக்கொள்வதற்குள் ஹாஸ்டலைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். மென்பொருளில் புதிதாகச் சேர்ந்த ஆள் உருப்படியாக ஒரு வேலை செய்ய ஆறு மாதமாவது பிடிக்கும் என்று நாங்கள் சர்வசாதாரணமாக ஒத்துக்கொள்கிறோம். ஆராய்ச்சிக்கு மட்டும் ஏன் இந்த அவசரம்?

மூன்று, கல்லூரியை இந்தத் திட்டங்கள் தொடுவதே இல்லை. மாணவர் போகிறார், வருகிறார், சான்றிதழை ஃபைலில் வைக்கிறார். அவர் படித்த துறை அப்படியேதான் இருக்கிறது. விழுப்புரம் மாவட்ட அரசுக் கல்லூரிகள் முன்பு திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தில் இருந்தன. நடுவில் விழுப்புரத்துக்கே ஒரு பல்கலைக்கழகம் வந்து, 2021-லேயே அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. இப்போது பாடத்திட்டம் சிதம்பரத்திலிருந்து வருகிறது. பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருந்தது. ஆனால் கணிதத் துறைப் பேராசிரியரும் விலங்கியல் துறைப் பேராசிரியரும் சேர்ந்து ஒரு தாள் நடத்தலாமா என்ற கேள்வி இந்த மாற்றங்களில் எங்கும் எழவில்லை.

40 கிலோமீட்டர் முக்கோணம்

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி. எந்த இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கிட்டத்தட்ட சமபக்க முக்கோணம். இந்த முக்கோணத்துக்கு உள்ளேயும் ஓரத்திலும் இருப்பவற்றைப் பட்டியல் போட்டால் எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

திண்டிவனத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம். 'டி.எம்.வி.' என்று தொடங்கும் கடலை, எள் ரகங்களை விவசாயிகள் எல்லோருக்கும் தெரியும். அந்த டி.எம்.வி. திண்டிவனத்தின் சுருக்கம். 1940-ல் வந்த டி.எம்.வி. 2 கடலை தென்னிந்தியா முழுக்கப் பல பத்தாண்டுகள் விதைக்கப்பட்டது. ஒரு ரகம் இன்னொன்றைவிட மேல் என்று எப்படிச் சொல்வது? மண் ஒரு பக்கம் நல்லா இருக்கும், ஒரு பக்கம் மேடு. அதனால் நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, எந்த ரகம் எங்கே என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு, பிறகு விளைச்சல் வித்தியாசத்தைப் பகுத்துப் பார்ப்பார்கள். இந்த முறையே இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் பண்ணையில் 1919-ல் வேலைக்குச் சேர்ந்த ஃபிஷர் என்ற கணிதக்காரர், உரமும் கோதுமையும் கிழங்குமாகக் கிடந்த எண்களோடு மல்லுக்கட்டி உருவாக்கியது. திண்டிவனத்தில் புள்ளியியல் துணைப்பாடம் எடுக்கும் மாணவர் 'மாறுபாட்டுப் பகுப்பாய்வு' படிக்கிறார். அந்தப் பகுப்பாய்வு வயலில் நிற்பதை அவருக்குக் காட்ட டவுன் பஸ் டிக்கெட் செலவுதான்.

மரக்காணம் பக்கம் கழுவேலி ஏரி. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பறவை எண்ணுவது கேட்க எளிது. ஆனால் கண்ணில் பட்டது எத்தனை, படாமல் போனது எத்தனை? இரண்டு பேர் தனித்தனியாக எண்ணினால், இருவருமே பார்த்தவற்றின் எண்ணிக்கையிலிருந்து, யாருமே பார்க்காததை மதிப்பிடலாம். ஒருவர் 60 கூடு கண்டார், இன்னொருவர் 50, இருவர் பட்டியலிலும் பொதுவாக இருந்தவை 40 என்றால், மொத்தம் சுமார் 60 × 50 ÷ 40, அதாவது 75. இருவரும் சேர்ந்து கண்டது 70. ஐந்து தப்பிவிட்டது. ஆனால் இந்தக் கணக்கு சரியாக இருக்க, எல்லாக் கூடும் கண்ணில் படும் வாய்ப்பு சமமாக இருக்கவேண்டும். கொக்குக் கூடும் நாணலுக்குள் இருக்கும் கூடும் சமமா? அதைச் சொல்ல உயிரியல் மாணவர் வேண்டும்.

மூன்றாவது முனை புதுச்சேரி. அங்கே 1975-லிருந்து வி.சி.ஆர்.சி. என்ற பூச்சிவழி நோய் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அந்த இடத்தின் வேலைகள்தான்.

யானைக்கால் கணக்கு

எழுபதுகளில், எண்பதுகளில் எங்க பக்கத்தில் வளர்ந்த எவருக்கும் யானைக்கால் நோய் தெரியும். கிருமி ரத்தத்தில் ராத்திரிதான் சுற்றும் என்பதால் ராத்திரியில் வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். புதுச்சேரியில் 1981 முதல் 1985 வரை கொசு ஒழிப்பை ஒருங்கிணைத்து வி.சி.ஆர்.சி. நடத்திய பெரிய முயற்சியில் சேர்ந்த தரவுகளைக் கொண்டு, நெதர்லாந்தின் ராட்டர்டாம் பல்கலைக்கழகத்தினரும் வி.சி.ஆர்.சி.யினரும் சேர்ந்து 'லிம்ஃபசிம்' என்ற கணினி மாதிரியை உருவாக்கினார்கள். 1998-ல் அது வெளியானது. நோய் எத்தனை ஆண்டில் அடங்கும், எத்தனை சதவீதம் பேர் மாத்திரை சாப்பிட வேண்டும் போன்ற கேள்விகளுக்கு உலக அளவில் பயன்பட்ட மாதிரி அது. இன்னொரு பக்கம், விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் ஆண்டுக்கு ஒரு வேளை மருந்து கொடுத்து, கொசுவிலும் மனிதரிலும் கிருமி எப்படிக் குறைகிறது என்று பல சுற்றுகள் அளந்த ஆய்வுகளும் வி.சி.ஆர்.சி.யினர் செய்தவைதான்.

யோசித்துப் பாருங்கள். ரத்தம் எங்க ஊருடையது. கொசு எங்க சாக்கடையுடையது. கணக்கு ராட்டர்டாமில் ஓடியது. இதில் யாரையும் திட்ட ஒன்றுமில்லை, நல்ல வேலை, மக்களுக்குப் பயன்பட்ட வேலை. ஆனால் அந்த ரத்தம் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று விழுப்புரத்தில் பி.எஸ்சி. கணிதம் படிக்கிறார்கள். அவர்கள் ஊர்ப் பெயர் உலகத் தொற்றுநோய்க் கணக்கியலில் இருக்கிறது என்று ஒரு வகுப்பில்கூட அவர்கள் காதில் விழப்போவதில்லை.

அந்தக் கணக்கு அவர்களுக்கு எட்டாததா? ஒரு துண்டை மட்டும் காட்டுகிறேன். யானைக்கால் கிருமி கொசுவுக்குள் போய் அடுத்தவருக்குத் தொற்றும் நிலைக்கு வளரச் சுமார் 12 நாள் ஆகும். கொசு ஒரு நாளைத் தாண்டிப் பிழைக்கும் வாய்ப்பு 10-ல் 9 என்று வையுங்கள். 12 நாள் பிழைக்க, 0.9-ஐப் பன்னிரண்டு தரம் பெருக்க வேண்டும். விடை சுமார் 0.28. நூறு கொசுவில் 28. இப்போது கொசுவின் தினசரிப் பிழைப்பை 10-ல் 8 ஆகக் குறைத்தால்? 0.8-ஐப் பன்னிரண்டு தரம் பெருக்கினால் சுமார் 0.07. நூறில் 7. ஒரு நாள் வாய்ப்பில் சின்னக் குறைவு, முடிவில் நாலில் ஒரு பங்கு. கொசுவின் எண்ணிக்கையைவிட அதன் ஆயுளைக் குறைப்பது ஏன் பலமான ஆயுதம் என்று இந்த அடுக்குக்குறி சொல்லிவிடுகிறது.

கணித மாணவர் இதை ஐந்து நிமிஷத்தில் செய்வார். ஆனால் 0.9 என்ற எண் எங்கிருந்து வந்தது? பிடித்த கொசுவின் வயிற்றை அறுத்து, அது எத்தனை தரம் முட்டையிட்டிருக்கிறது என்று பார்த்து வயதை ஊகிக்கும் பூச்சியியல் வேலையிலிருந்து. கிழக் கொசுவும் இளங்கொசுவும் ஒரே வேகத்தில் சாகின்றனவா? அது கணக்குக்குள் இருக்கும் அனுமானம். அதைத் தட்டிக் கேட்க வேண்டியவர் விலங்கியல் மாணவர். என் அக்கா மகள் கேட்ட கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது.

சமன்பாட்டு அலங்காரம் வேண்டாம்

இங்கே நம்ம பக்கத்துக் குறையையும் சொல்லிவிட வேண்டும். 'கணித உயிரியல்' என்ற பெயரில் வரும் மாணவர் ஆய்வுகளில் ஒரு வகையைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. கெர்மாக்-மெக்கெண்ட்ரிக் மாதிரியை எடு. இன்னொரு பெட்டியைச் சேர். சமநிலைப் புள்ளி நிலையானது என்று நிறுவு. கற்பனை எண்களைப் போட்டு நாலு வரைபடம் வரை. உயிரி எங்கும் இல்லை. நோயின் பெயரை மாற்றினாலும் கட்டுரை அப்படியே நிற்கும். இது உயிரியல் உடுப்புப் போட்ட கணிதப் பயிற்சி.

எதிர்ப்பக்கத்திலும் இதற்கு இணை உண்டு. தரவை ஒரு மென்பொருளில் கொட்டி, பொத்தானை அழுத்தி, 0.05-க்குக் கீழே வந்ததா என்று மட்டும் பார்க்கும் உயிரியல் ஆய்வு.

இந்த அலங்காரத்தின் விலை கல்லூரிக்குள் நிற்பதில்லை. 2020 அக்டோபரில் நம்ம நாட்டின் தேசிய 'சூப்பர்மாடல்' குழு, 2021 பிப்ரவரி வாக்கில் கோவிட் தொற்று மிகக் குறைந்துவிடும் என்று கணித்தது. ஏப்ரல், மே மாதங்களில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். கூட்டல் கழித்தலில் அங்கே கோளாறு இல்லை. நேற்றைய நிலைமை நாளையும் தொடரும் என்ற அனுமானத்தைப் புதிய திரிபு மதிக்கவில்லை. எந்த மாதிரியிலும் எந்த எண் கல்லில் எழுதியது, எது தண்ணீரில் எழுதியது என்று கேட்கப் பழகிய ஆட்கள் மாவட்டத்துக்கு நாலு பேராவது வேண்டும். அந்தப் பழக்கம் முனைவர் பட்டத்தில் திடீரென்று வராது, இருபது வயதில் வரவேண்டும்.

'வேலை கிடைக்குமா?'

இந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டு எழுதினால் அது நேர்மையில்லை. அரசு கலைக் கல்லூரிக்கு வருபவர்களில் பலர் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவர்கள். பல கல்லூரிகள் ஷிஃப்ட் முறையில் நடக்கின்றன. காலை ஷிஃப்ட் முடிந்தால் மதியம் ஜவுளிக்கடை, செல்போன் கடை, இல்லையென்றால் வயல் வேலை. 'ஆராய்ச்சி பண்ணு' என்று சும்மா சொன்னால், 'சார், கடைக்கு லேட்டாகுது' என்பதுதான் பதிலாக இருக்கும், அது நியாயமான பதிலும்கூட.

அதனால்தான் உதவித்தொகை விஷயத்தில் இன்ஸ்பையர் கணக்கை நான் குறை சொல்லமாட்டேன். மாதம் 5,000 ரூபாய் என்பது ஒரு மாணவர் கடைக்குப் போகாமல் மாலையைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும் தொகை. மாற்றவேண்டியது யாருக்கு, எப்படி என்பதைத்தான். மேல் 1 சதவீதம் என்ற வடிகட்டிக்குப் பதிலாக, ஜோடியாக விண்ணப்பியுங்கள் என்று கேட்கலாம். ஒருவர் கணிதம், ஒருவர் உயிரியல், ஒரே கல்லூரியாகவோ பக்கத்துக் கல்லூரியாகவோ. இரண்டு துறையிலிருந்தும் ஒரு ஆசிரியர் கையெழுத்துப் போடவேண்டும். ஒரு வருஷம், ஒரே ஒரு கேள்வி. தரவு முக்கோணத்துக்குள்ளிருந்தே வரவேண்டும். அறிக்கை தமிழில் எழுதலாம். வருஷத்துக்குப் பத்து ஜோடி என்றால் இருபது பேர். ஆளுக்கு 60,000 வீதம் 12 லட்சம் ரூபாய். ஒரு மாவட்டத்துக்கு இது பெரிய தொகையே இல்லை.

வேலையைப் பொறுத்தவரை என் துறையை வைத்து ஒன்று சொல்லலாம். நேர்காணல்களில் நான் தேடுவது, குழப்பமான எண்களைக் கொடுத்தால் 'இது எப்படி எடுத்த எண்?' என்று முதலில் கேட்கும் ஆளை. அப்படிப்பட்டவர்கள் குறைவு. ஒரு வருஷம் கழுவேலியில் பறவை எண்ணி அதை நம்பலாமா என்று சண்டை போட்ட ஜோடியில் இரண்டு பேருமே அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். அவர்கள் ஆராய்ச்சிக்கே போகவேண்டும் என்று கட்டாயமில்லை. வங்கிக்குப் போகட்டும், பள்ளி ஆசிரியராகட்டும். பள்ளி ஆசிரியரானால் இன்னும் நல்லது.

கருவி வேண்டும், ஆய்வகம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு தகவல். ஹால்டேன் 1957-ல் இங்கிலாந்தை விட்டுக் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தபோது, இந்திய மாணவர்களுக்கு அவர் காட்டிய வழி விலையுயர்ந்த கருவி இல்லை, எண்ணுவது. அவர் கூட இருந்த எஸ்.கே. ராய் பவளமல்லிப் பூவின் இதழ்களை எண்ணினார். தென்னை ஆராய்ச்சியாளர் டி.ஏ. டேவிஸ், மரத்தின் மட்டைகள் இடப்பக்கமாகச் சுற்றுகின்றனவா வலப்பக்கமாகவா என்று பார்த்து, இடச்சுற்று மரங்கள் கூடுதலாகக் காய்ப்பதை எழுதினார். பவளமல்லியும் தென்னையும் இல்லாத தெரு நம்ம ஊரில் எது?

விழுப்புரம், திண்டிவனம் கல்லூரிகளில் வேலை பார்க்கும் ஆசிரியர் யாராவது இதைப் படித்தால், அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். அடுத்த செமஸ்டரில் உங்கள் மாணவர் ஒருவரைப் பக்கத்துத் துறை மாணவர் ஒருவரோடு உட்கார வையுங்கள். எண்ணக்கூடிய ஒரு கேள்வியைக் கொடுங்கள். நிரல் எழுதிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் சனி, ஞாயிறுகளில் நான் வருகிறேன்.